தடம் விட்டு இறங்குதல்

எல்லாரும் போகிற பாதையிலேயே போ என்று சொல்லித்தான் எங்கள் ஆமத்தூர்ப் பக்கம் பிள்ளைகளை வளர்க்கிறோம். அதே பிள்ளைகளிடம், கல்லூரிக்குப் போனதும், உனக்கென்று ஒரு வழியை உண்டாக்கு என்று மேடையில் நின்று சொல்கிறார்கள். இரண்டையும் கேட்டு வளர்ந்த நான், இந்தக் கேள்வியை மலையில் வைத்துப் பார்க்கவே விரும்புகிறேன். வழி தப்பினால் என்ன ஆகும் என்பது அங்கே அன்றைக்கே தெரிந்துவிடும்.

எங்களுக்கு மலை என்றால் சதுரகிரி. வத்திராயிருப்பு தாண்டித் தாணிப்பாறையில் ஏறத் தொடங்கினால் மாங்கனி ஓடை, வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை, இரட்டை லிங்கம், பிலாவடிக் கருப்பசாமி என்று வழி நெடுகப் பெயர்கள். வழுக்கும் இடம், பிடித்து ஏற வேண்டிய இடம், மூச்சு வாங்கி உட்காரும் இடம் எல்லாம் நமக்கு முன்னே ஏறியவர்கள் பார்த்து வைத்தவை. அந்தத் தடத்தில் நடப்பது அவர்களோடு சேர்ந்து நடப்பதுதான். ஆனாலும் 2015 மே மாதம் கோடைமழை வெள்ளம் ஓடையில் திடீரென இறங்கிப் பக்தர்களை அடித்துக்கொண்டு போனது, எல்லாரும் போகிற அந்த வழியில்தான். தடத்தில் இருந்தால் போதும், ஒன்றும் ஆகாது என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

காய்ந்த புல்மலையின் ஆபத்து வேறு மாதிரி. தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று, கொழுக்குமலையிலிருந்து இறங்கிய மலையேற்றக் குழுக்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 23 பேர் இறந்தார்கள்; பெரும்பாலும் இளம் வயது, பாதிக்கு மேல் பெண்கள். திசைக்கொருவராகச் சிதறியவர்களைத் தேடி முதலில் ஓடியவர்கள் குரங்கணி ஊர்க்காரர்கள். அனுமதி இல்லாத வழியில் போனார்கள், அதனால் போய்ச் சேர்ந்தார்கள் என்று அன்றைக்குப் பலர் ஒரே வரியில் பேசி முடித்தார்கள். அந்தப் பேச்சு இன்றும் என்னை வருத்துகிறது. மார்ச் மாதத்தில் ஆளுயரப் புல் எப்படி எரியும் என்று அந்தப் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக்கொடுத்திருந்தோம்? சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகம் எடுக்கும். கீழே எரியும்போதே அனல் மேலே உள்ள புல்லைக் காயவைத்துத் தயாராக்கிவிடும். ஏத்தத்தில் மனிதக் கால் தளரும், தீக்குத் தளர்ச்சி கிடையாது. இது தெரியாமல் எந்த வழியில் நின்றிருந்தாலும் ஆபத்துதான்.

1949 ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், மான் கல்ச் என்ற புல் சரிவில் நடந்ததை இதோடு சேர்த்து நினைத்துக்கொள்வேன். தீயணைக்கப் போன 16 பேரை, ஆற்றுப் பக்கம் மறித்து நின்ற தீ, மேட்டை நோக்கித் துரத்தியது. தலைவர் வாக் டாட்ஜ் ஒரு தீக்குச்சியைக் கிழித்துத் தன் முன்னால் இருந்த புல்லில் வைத்தார். அது எரிந்து கருகிய இடத்துக்குள் போய்க் குப்புறப் படுத்தார். ஏற்கெனவே எரிந்த இடத்தில் பெருந்தீக்குத் தின்ன எதுவும் இல்லை; அது அவரைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டும் ஒருவரும் வரவில்லை. 13 பேர் இறந்தார்கள். அவரைத் தவிர, உச்சியில் பாறை இடுக்கு வழியே தப்பியவர்கள் இருவர் மட்டும்.

டாட்ஜ் தனக்கென்று ஒரு வழியை உண்டாக்கியவர்தான். ஆனால் அது ஆசையில் பிறந்த வழி அல்ல. தீயோடு பழகிய பழக்கம் அந்தக் கணத்தில் கைக்கு வந்தது. மற்றவர்கள் வராததற்கும் காரணம் உண்டு. அந்தக் குழுவோடு அவர் அதிகம் சேர்ந்து பழகியதில்லை. முன்பின் பழகாத ஒருவர் தீயை மூட்டிவிட்டு உள்ளே வா என்றால் எந்த மனம் துணியும்?

தீப்பெட்டியும் பட்டாசும் செய்யும் எங்கள் பூமிக்கு இது புரியும். மருந்து அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது, கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், வாசலை மறித்து எதையும் வைக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. விபத்து நடந்த இடங்களில் விதி மீறப்பட்டது என்று எத்தனை முறை படித்துவிட்டோம். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் செத்தவர்களில் பலர், முதல் வெடிக்குப் பிறகு பார்க்கவும் உதவவும் ஓடி வந்தவர்கள். தீ பிடித்த பிறகு வழியை யோசிக்க நேரம் இருக்காது. அதை முன்கூட்டியே உடம்புக்குப் பழக்கி வைக்க வேண்டும்.

அதனால்தான் மலையைப் பூட்டிவிட்டால் போதும் என்பாரோடு எனக்கு உடன்பாடில்லை. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 மலையேற்றத் தடங்களைத் திறந்து, உள்ளூர் மலைவாழ் மக்களையே வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்து அமர்த்தியது எனக்கு மனநிறைவு தந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிய செண்பகத்தோப்பில் பளியர் குடும்பங்கள் இருக்கின்றன. நாம் தடமே இல்லை என்று நினைக்கும் சரிவில் தேன் எடுக்கவும் கிழங்கு அகழவும் போய்த் திரும்பிய மக்கள் அவர்கள். தடத்தை விட்டு விலகும் உரிமை, என் கண்ணில், அப்படித் திரும்பி வரத் தெரிந்தவர்களுக்குத்தான் முதலில்.

என் அண்ணன் மகள் போன மாதம் கேட்டாள்: "சித்தப்பா, செண்பகத்தோப்புத் தடத்துல நான் போகட்டுமா?" போ தாயி என்றேன். கோடையில் வேண்டாம், மழை கழிந்து புல் பச்சையாக இருக்கும்போது போ. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, தீத்தடுப்புக் கோடு எங்கே வெட்டியிருக்கிறது, அவசரம் என்றால் எந்தப் பாறைக்கு ஓட வேண்டும் என்று கூட வருகிறவரிடம் ஏறும் முன்பே கேள். அவர் பெயரையும் கேட்டு வைத்துக்கொள், பேசிக்கொண்டே நட என்றேன்.