கண்ணுக்குத் தெரியாத வெடிப்பும் கட்டியவரின் கடமையும்

ஒருவர் தம் கையால் ஆக்கிய பொருளுக்குத் தாமே நீதிபதியாகவும் இருக்கலாமா? இவ்வினாவை வெறுங் கோட்பாடாக அன்றி, உயிர் தங்கியிருக்கும் ஓரிடத்தில் வைத்து நோக்குதல் பயனுடையது. ஐக்கிய அமெரிக்காவிலே கல்விக்காகவும் பொழுதுபோக்கிற்காகவும் தமது விமானத்தைத் தாமே கட்டிக்கொள்வோர் பலர். பெரும்பகுதியைத் தாமே ஆக்கியோருக்குப் ‘பரிசோதனை’ வகையிற் பறப்பதற்கு அந்நாட்டுச் சட்டம் இடமளிக்கின்றது. முதன்மையாகக் கட்டியவர் உரிய சான்றிதழைப் பெற்று, பன்னிரண்டு மாதங்களுக்கு ஒருமுறை நிகழவேண்டிய பரிசோதனையையும் தாமே செய்யலாம். அவரிடம் விமானத்தை விலைக்கு வாங்கியவருக்கோ அச்சான்றிதழ் கைமாறுவதில்லை. ஆக்கியவரே நன்கறிவார் என்பது சட்டத்தின் துணிபு.

இத்துணிபு எவ்வளவு தூரம் செல்லும் என்பதை ஒரு கம்பிவடம் காட்டிவிடுகின்றது. இத்தகைய சிறு விமானங்கள் பலவற்றில், விமானியின் கைப்பிடியை வாற்பகுதியின் அசையும் தகட்டோடு இணைப்பது ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள உருக்கு வடமாகும். 19 இழைகள் கொண்ட 7 புரிகள். ஆக 133 இழைகள். கப்பியின்மேல் வளையுமிடத்தில் இழைகள் தேய்ந்து அறும். துணியொன்றை வடத்தின்மீது இழுத்தால் அறுந்த இழை அதிற் சிக்கிக்கொள்ளும். உள்ளே துரு உண்டோ என்ற ஐயம் எழுந்தால், இழுவையைத் தளர்த்தி, புரிகளை எதிர்ப்புறமாக முறுக்கித் திறந்து பார்க்கலாம். இவையெல்லாம் கண்ணுக்கும் கைக்கும் வசப்படுபவை. வடத்தின் முனைப்பொருத்தி அவ்வாறன்று. 303 வகைக் கறையில் உருக்கினாலான பொருத்திகளில், ஓயாத இழுவையும் ஈரமும் குளோரைட்டும் ஒன்றுகூடுமிடத்துத் தகைப்பரிப்பு வெடிப்புத் தோன்றக்கூடும். வெளித்தோற்றம் பழுதின்றி இருக்கையிலேயே அது வளர்ந்துவிடலாம். (கறையில்லாதது என்ற பெயரே இங்கு ஏமாற்றிவிடுகின்றது.) இதனாலேயே அவுஸ்திரேலிய சிவில் விமானப் பாதுகாப்பு அதிகாரசபை, இத்தகைய பொருத்திகளையுடைய முதன்மைக் கட்டுப்பாட்டு வடங்களை 15 ஆண்டுகளில் அகற்றிவிடுமாறு 2015இல் பணித்தது.

அமெரிக்காவில் வீட்டிலே விமானம் கட்டியவரை அப்பணிப்பு கட்டுப்படுத்தாது. அவரது சொந்த நாட்டிலுங்கூட, வகைச் சான்றிதழ் பெற்ற விமானங்களுக்கான பறப்புத்தகுதிப் பணிப்புரைகள், வெளிப்படையாகக் கூறப்பட்டாலன்றி, அவரைப் பொதுவாகக் கட்டுப்படுத்துவதில்லை. 1859இல் வெளிவந்த நூலில் மில் வகுத்த எல்லையின்படி, பிறருக்குத் தீங்கு விளையாதவரை அவரைத் தடுக்க எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அருகிலோர் ஆசனம் உண்டு. விமானம் பொதுத் தரவிதிகளுக்கு அமையாதது என்ற அறிவித்தல் பிரயாணியின் கண்முன்னே பொறிக்கப்பட்டிருக்கும். அதை வாசித்துவிட்டு ஏறுபவர் சம்மதித்தவரே எனலாம். எதற்குச் சம்மதித்தார்? வடத்தின் வயது அவ்வறிவித்தலில் இல்லை.

1877இல் கிளிபோர்ட் எழுதிய கட்டுரையொன்றில் ஒரு கப்பல் முதலாளி வருகின்றார். பழங்கப்பலைப் பற்றி எழுந்த ஐயங்களை அவர் தாமே அடக்கிக்கொண்டு, மனப்பூர்வமாக நம்பி அதை அனுப்பிவைக்கின்றார். கப்பல் பத்திரமாகக் கரைசேர்ந்திருப்பினும் அவர் குற்றவாளியே என்பது கிளிபோர்ட்டின் தீர்ப்பு. விமானம் கட்டியவரின் நிலை இதனினும் நுட்பமானது. அடக்குவதற்கு அவருக்கு ஐயமே எழுவதில்லை. பார்த்தார், பழுதெதுவும் காணவில்லை. எனினும் பார்வைக்கு அகப்படாத பழுதொன்று உண்டென அறிந்தபின், ‘பார்த்தேன்’ என்பது அப்பழுதைப் பொறுத்தவரை சான்றாகாது. வடத்தைப் பற்றி அவர் உண்மையில் அறிந்திருப்பது அதனைப் பூட்டிய நாளின் நிலையையே.

இதற்கு வலுவான மறுப்பொன்று உண்டு. நல்ல வடத்தைக் கழற்றிப் புதியதைப் பூட்டுவதே ஆபத்தாகலாம். வடங்கள் இடம்மாறிப் பூட்டப்பட்டு, இடப்புறம் திருப்ப விமானம் வலப்புறம் சாயலாம். ஆண்டுக் கணக்கில் மாற்றுவது இல்லாத தவறொன்றை வருவித்துவிடும் என்போரின் கூற்றுப் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் அத்தவறு தரையிலேயே அகப்படும். ஒருவர் கைப்பிடியை அசைக்க, மற்றவர் வெளியே நின்று தகடுகள் உரிய திசையில் அசைகின்றனவா என்று பார்த்தாற் போதும். பொருத்தியின் வெடிப்புக்கு அவ்வளவு எளிய சோதனை கிடையாது.