கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கரடி





கடந்த ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம்ம ஊர்ச் சகோதரர் ஒருவர் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பினார். அவர் இருப்பது மெய்ன் என்ற மாநிலத்தில். கனடா எல்லையை ஒட்டி, வடகிழக்கு மூலையில் இருக்கும் காட்டு மாநிலம் அது. அங்கே கருப்புக் கரடிகள் மட்டும் 30,000க்கு மேல் இருப்பதாகக் கணக்குச் சொல்கிறார்கள். ஆகஸ்ட் கடைசியில் கரடி வேட்டைப் பருவம் தொடங்கி நவம்பர் வரை போகும். அரசாங்கமே அனுமதிச் சீட்டுக் கொடுக்கிறது. பருவம் தொடங்குவதற்கு முந்தின சனிக்கிழமையைச் சிறுவர்களுக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். அன்றைக்குப் பெரியவர் ஒருவர் துணையோடு பிள்ளைகள் வேட்டைக்குப் போகலாம்.

சகோதரரின் பக்கத்து வீட்டார் தாத்தா, மகன், பேரன் என்று மூன்று தலைமுறையாக வேட்டைக்குப் போகிறவர்கள். பேரனுக்கு 14 வயது. இந்த வருஷம்தான் அவனுக்கு முதல் கரடி வேட்டை. நம் சகோதரரின் மகனுக்கும் அதே வயது, இருவரும் ஒரே வகுப்பு. "உங்கள் பையனையும் அனுப்புங்கள், எங்கள் குடும்பத்தோடு இருக்கட்டும்" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். பனிக்காலத்தில் இவர் வாசல் பனியைச் சொல்லாமலேயே தள்ளிக் கொடுப்பவர்கள். ரமளானில் இவர் வீட்டுக் கஞ்சியை ருசித்துக் குடித்தவர்கள். மறுத்தால் மனம் நோகும். "ஹஜ்ரத், இதற்கு மார்க்கத்தில் என்ன சட்டம்?" என்று கேட்டார்.

சட்டத்தை ஒரு வரியில் சொல்லிவிடலாம். கோரைப்பல்லால் வேட்டையாடும் விலங்குகளைச் சாப்பிடுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் 'மின்ஹாஜ்' நூலில் அப்படிப்பட்ட விலங்குகளை எண்ணும்போது சிங்கம், சிறுத்தை, ஓநாய் இவற்றோடு கரடியையும் பெயர் சொல்லியே எழுதுகிறார்கள். ஹனஃபி மத்ஹபிலும் அதே நிலைதான். ஹன்பலி இமாம்கள் மட்டும் கரடியின் பல்லைப் பற்றிக் கொஞ்சம் விவாதித்திருக்கிறார்கள், அது நமக்கு இப்போது தேவையில்லை. ஆக, கரடிக் கறி நமக்கு ஆகாது.

இதைத் தட்டச்சு செய்து அனுப்பப் போகும் நேரத்தில் அவரிடமிருந்து இன்னொரு குரல் பதிவு வந்தது. மகனிடம் "நமக்கு இதெல்லாம் வேண்டாம்பா, பாவம், வாயில்லா ஜீவன்" என்று சொல்லியிருக்கிறார். அதற்கு அந்தப் பையன் கேட்டானாம்: "வாப்பா, அவங்க தானே சுடுறாங்க, தானே தோலுரிக்கிறாங்க, அந்தக் கறியை வருஷம் பூரா வச்சுச் சாப்பிடுறாங்க. நாம கடையில பாக்கெட்ல வாங்குறோம். நாம சாப்பிட்ட ஒரு ஆடு செத்ததைக்கூட நான் பார்த்ததில்லை. நாம எப்படி அவங்களைவிட இரக்கமானவங்க?"

அனுப்ப இருந்த பதிலை அழித்துவிட்டேன். கேள்வி கரடிக் கறியைப் பற்றியது இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

சகோதரர்களே, வேட்டையை நம் மார்க்கம் கேவலமாகப் பார்க்கவில்லை. இப்ராஹீம் (அலை) அவர்கள் மகனைப் பார்க்க மக்காவுக்கு வந்தபோது இஸ்மாயீல் (அலை) வீட்டில் இல்லை, வேட்டைக்குப் போயிருந்தார்கள் என்று புகாரியில் வருகிறது. ஹம்ஸா (ரலி) அவர்கள் இஸ்லாத்திற்கு வந்த அந்த நாளில் வேட்டையிலிருந்து தோளில் வில்லோடுதான் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அதீ பின் ஹாத்திம் (ரலி) அவர்கள் வேட்டை நாயைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் நுணுக்கி நுணுக்கிக் கேட்ட கேள்விகளிலிருந்துதான் வேட்டைச் சட்டத்தில் பாதி நமக்குக் கிடைத்தது. வேட்டையாடி உண்பவனைக் கொடியவன் என்று சொல்ல நமக்கு உரிமை கிடையாது.

ஆனால் வேட்டை மனிதனை என்ன செய்கிறது என்பதிலும் மார்க்கத்திற்கு ஒரு கண் இருக்கிறது. வேட்டைப் பிராணியின் பின்னாலேயே போகிறவன் அலட்சியத்தில் விழுந்துவிடுவான் என்ற கருத்தில் அபூதாவூதிலும் திர்மிதியிலும் ஒரு ஹதீஸ் இருக்கிறது. சூரத்துல் மாயிதாவின் 94வது வசனத்தையும் எடுத்துப் பாருங்கள். இஹ்ராமில் இருந்த முஸ்லிம்களை அல்லாஹ் வேட்டைப் பிராணிகளைக் கொண்டு சோதித்தான். பிராணி கிடைக்காமல் செய்து சோதிக்கவில்லை. கைக்கும் ஈட்டிக்கும் எட்டும் தூரத்தில் கொண்டுவந்து நிறுத்திச் சோதித்தான். ஹுதைபிய்யா ஆண்டில் காட்டு விலங்குகளும் பறவைகளும் அவர்கள் தங்கியிருந்த இடம்வரை வந்தன என்று முஃபஸ்ஸிர்கள் எழுதுகிறார்கள். கையை நீட்டினால் போதும், ஆனால் நீட்டக் கூடாது. அந்தச் சட்டம் இஹ்ராமுக்கு உரியது, மெய்ன் காட்டுக்கு நான் அதைக் கொண்டுபோகவில்லை. இருந்தாலும் எளிதாக அகப்படுவதுதான் பெரிய சோதனை என்பது அந்த வசனத்தில் இருக்கிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அங்கே கரடி வேட்டை நடக்கும் விதத்தை அந்தச் சகோதரர் விசாரித்துச் சொன்னார். நானும் படித்துப் பார்த்தேன். கரடியைத் தேடி மலை ஏறி இறங்குவதெல்லாம் குறைவு. பருவத்துக்கு முன்பிருந்தே காட்டுக்குள் ஓரிடத்தில் ஒரு பீப்பாயை வைத்து, அதில் பழைய டோனட், இனிப்பு ரொட்டி என்று போட்டுக்கொண்டே வருவார்கள். கரடி அந்த ருசிக்குப் பழகிவிடும். குளிர்காலம் முழுக்க ஒன்றும் தின்னாமல் குகையில் கிடக்க வேண்டிய பிராணி அது. அதனால் இந்த மாதங்களில் பசி பொறுக்காமல் தின்னும். வேட்டைக்காரர் சாயங்காலம் மரத்தில் கட்டிய பரணில் ஏறி அசையாமல் உட்கார்ந்துகொள்வார். கரடி வரும், பீப்பாயில் தலையை விடும். அவ்வளவுதான் தூரம்.

இந்த முறையைத் தடை செய்ய வேண்டுமா என்று அந்த மாநில மக்களிடமே 2004இலும் 2014இலும் வாக்கெடுப்பு நடந்தது. இரண்டு தடவையும் தடை வேண்டாம் என்றே பெரும்பான்மை முடிவு செய்தது. அடர்ந்த காட்டில் வேறு வழியில் கரடியைப் பார்ப்பதே கடினம், எண்ணிக்கை கூடினால் ஊருக்குள் வரும், கிட்டத்தில் நின்று நிதானமாகச் சுட்டால் அது துடிக்காமல் சாகும் என்பதெல்லாம் அவர்கள் தரப்பு. கடைசிக் காரணத்தை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். கொல்வதானாலும் அழகிய முறையில் கொல்லுங்கள் என்று ஷத்தாத் பின் அவ்ஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் நமக்கும் இருக்கிறதே.

1902 நவம்பரில் அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் மிசிசிப்பியில் கரடி வேட்டைக்குப் போனார். அவருக்கு ஒன்றும் அகப்படவில்லை. ஹோல்ட் காலியர் என்பவர்தான் வழிகாட்டி. ஒரு காலத்தில் அடிமையாக இருந்தவர், கைதேர்ந்த வேட்டைக்காரர். நாய்களிடம் சிக்கிய ஒரு கரடியை அவர் அடித்து மயக்கி, மரத்தில் கட்டிவைத்து, ஜனாதிபதியைக் கூப்பிட்டார். கட்டிக்கிடக்கும் பிராணியைச் சுடுவது வீரமல்ல என்று ரூஸ்வெல்ட் மறுத்துவிட்டார். பத்திரிகையில் கேலிச்சித்திரம் வந்தது, நியூயார்க்கில் ஒரு கடைக்காரத் தம்பதி அதைப் பார்த்துப் பொம்மை செய்தார்கள். நம் பிள்ளைகள் கட்டிக்கொண்டு தூங்கும் டெடி பொம்மைக்கு அந்தப் பெயர் வந்தது அப்படித்தான், 'டெடி' என்பது ரூஸ்வெல்டின் செல்லப் பெயர்.

கதையின் மறுபாதியைப் பொம்மை விற்பவர் சொல்வதில்லை. அந்தக் கரடி பிழைக்கவில்லை. மிகவும் அடிபட்டிருந்ததால் அதன் துன்பத்தை முடித்துவிடச் சொன்னார் ரூஸ்வெல்ட். கத்தியால் கொன்றார்கள். அவருடைய கண்ணியம் காப்பாற்றப்பட்டது, கரடி செத்தது. "நான் சுடவில்லை" என்ற திருப்தி வேறு, அந்த உயிர்மேல் உள்ள இரக்கம் வேறு. "பாவம், வாயில்லா ஜீவன்" என்று மகனிடம் சொல்லிவிட்டு அன்று இரவே கோழி பிரியாணிக்கு உட்காரும் நாம் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

கட்டிவைத்த உயிரைப் பற்றி நம் நூல்களில் இரண்டு நிகழ்ச்சிகள் உண்டு. சிறுவர்கள் ஒரு கோழியைக் கட்டிவைத்து அம்பெய்வதைக் கண்ட அனஸ் (ரலி), பிராணிகளைக் கட்டிவைத்துக் கொல்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததைச் சொன்னார்கள். குறைஷி இளைஞர்கள் ஒரு பறவையை நிறுத்திவைத்து அம்பெய்து விளையாடியபோது அந்த வழியே வந்தார்கள் இப்னு உமர் (ரலி). குறி தவறிய அம்பெல்லாம் பறவையின் சொந்தக்காரனுக்கு என்று பேசி வைத்திருந்தார்களாம். பந்தய விளையாட்டுப் போல! இப்னு உமரைக் கண்டதும் இளைஞர்கள் சிதறி ஓடினார்கள் என்று அந்த ஹதீஸில் வருகிறது. ஏன் ஓட வேண்டும்? செய்வது தப்பு என்று உள்ளே தெரிந்திருக்கிறது.

எனக்கும் தெரிந்திருந்தது. பத்து வயதில் உண்டிவில் வைத்திருந்தேன். மதரஸா விட்டு வரும்போது வேலியோரம் ஓணான், மைனா, அணில் என்று எதையும் விடமாட்டோம். ஒரு நாள் ஒரு மைனாவை அடித்துவிட்டேன். அடித்த அந்த நொடியில் மனதில் வந்தது பச்சைச் சந்தோஷம். மிம்பரில் நின்றுகொண்டு அதை மறைக்க விரும்பவில்லை. கையில் எடுத்துப் பார்த்தேன், சூடாக இருந்தது, கண் மூடித் திறந்தது. பிறகுதான் பயம் வந்தது. உம்மாவுக்குத் தெரியாமல் புதைத்தேன். சாப்பிடவும் இல்லை, யாரையும் அது தொல்லைப்படுத்தவும் இல்லை. வீணாகக் கொல்லப்பட்ட சிட்டுக்குருவி மறுமையில் அல்லாஹ்விடம் முறையிடும் என்ற ஹதீஸைப் பின்னாளில் ஓதிக்கொடுக்கும்போது, அதன் அறிவிப்பாளர் வரிசையில் பேச்சு இருக்கிறது என்று மாணவர்களுக்குச் சொல்வேன். சொல்லும்போதெல்லாம் அந்த மைனா ஞாபகம் வரும். அதற்கு அறிவிப்பாளர் வரிசை தேவைப்படவில்லை.

அந்தப் பையனின் முதல் வேட்டையில் எனக்குப் பயமாக இருப்பது இந்த முதல் நொடிதான். சூடு விழுந்ததும் சுற்றிலும் பெரியவர்கள் கைதட்டினால், அந்தச் சந்தோஷத்திற்குக் குடும்பமே முத்திரை குத்திவிடுகிறது. சாப்பிடுகிற வீட்டில் அந்தச் சாவுக்கு ஒரு காரணமாவது மிஞ்சும். சாப்பிட முடியாத, கால்நடைக்கோ உயிருக்கோ கரடியால் ஆபத்தில்லாத நம் பையனுக்கு அந்த நொடியைத் தவிர வேறொன்றும் மிஞ்சாது.

அதனால் சகோதரருக்கு இப்படி எழுதினேன். பையனை அனுப்புங்கள், நீங்களும் கூடப் போங்கள், துப்பாக்கி வேண்டாம். நம் மார்க்கத்தில் இந்தக் கறி ஆகாது, சாப்பிடாததைக் கொல்வது எங்களுக்கு ஆகாது என்று அந்தத் தாத்தாவிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். வேட்டைக்காரருக்கு அது புரியும். மகன் கேட்டதற்கு என்னிடம் வார்த்தையில் பதில் இல்லை. அவன் சொன்னது சரி. வரும் ஹஜ்ஜுப் பெருநாளைக்குக் குர்பானிப் பணத்தை ஊருக்கு அனுப்பிவிட்டு ரசீதை வாங்கி வைக்காதீர்கள். அங்கேயே பண்ணையில் ஓர் ஆட்டை வாங்கி, அவன் பிடித்துக்கொள்ள, நீங்களே அறுங்கள்.

போய் வந்தார்கள். இரண்டு வாரம் கழித்துப் பேசினார். இருட்டும் நேரத்தில் கரடி வந்ததாம். தாத்தா பேரனின் தோளில் கை வைத்து, இன்னும் இரு, இன்னும் இரு என்று சைகை காட்டிக்கொண்டே இருந்தாராம். சுட்டதும் அது புதருக்குள் ஓடிவிட்டது. டார்ச் வெளிச்சத்தில் ரத்தத்தைப் பார்த்துப் பார்த்துப் போய்க் கண்டுபிடித்திருக்கிறார்கள். யாரும் கைதட்டவில்லை. தாத்தா தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றார். சுட்ட பையன் அழுதான். நம் பையன் அவன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். வீடு வரும்வரை இருவரும் பேசவில்லையாம்.

எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. கைதட்டுவார்கள் என்று நானாகவே முடிவு செய்து வைத்திருந்தேன்.

மறுநாள் மகன் வாப்பாவிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "பெருநாளைக்குக் கத்தியை நான் பிடிக்கலாமா?" இதைச் சொல்லிவிட்டு அந்தச் சகோதரர் கொஞ்ச நேரம் மௌனமாக இருந்தார். பிறகு சொன்னார்: "ஹஜ்ரத், எனக்கு 46 வயசு. நானே இதுவரை கத்தி பிடிச்சதில்லை. இப்பவே கை நடுங்குது."

கத்தியை முந்தின நாளே நன்றாகத் தீட்டி எடுத்து வையுங்கள், ஆட்டின் கண்ணில் படாமல் தீட்டுங்கள் என்று பதில் சொன்னேன்.