போதும் என்னும் சொல்

கடை திறப்பதற்கு நாள் குறிப்போர் பலர். கடையை விட்டு எழுவதற்கு நாள் குறிப்போர் எத்தனை பேர்? நம்மவரிடம் இதைக் கேட்டால், "கையும் காலும் ஓடுமட்டும் ஓடட்டும், பிறகு பார்த்துக்கொள்வோம்" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. சரக்கு வரும் நாளையும் தவணை தீரும் நாளையும் தவறாது குறித்து வைக்கும் வணிகர், தம் முதுமையை மட்டும் எந்த ஏட்டிலும் குறிப்பதில்லை.

கடல் கடந்து வந்த நம் முன்னோருக்கு இக்கேள்வி அவ்வளவாக எழவில்லை. கடை இங்கே, குடும்பம் ஊரிலே. வயது ஏறியதும் கடையை மகனிடமோ மருமகனிடமோ கூட்டாளியிடமோ ஒப்படைத்துவிட்டு, 'ராஜுலா' கப்பலேறி நாகப்பட்டினத்தில் இறங்கினால் அதுவே ஓய்வு. அந்தக் கப்பலின் ஓட்டம் 1973-இல் நின்றது. இன்று நம்மில் பெரும்பாலோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இங்கேயே பிறந்து இங்கேயே வாழ்கின்றனர். ஆகவே ஓய்வை நாம் இருக்குமிடத்திலேயே ஏற்படுத்திக்கொள்ள வேண்டியவர்களாயிருக்கிறோம்.

மலாயாவில் 1951-இல் ஊழியர் சேமநிதியும், சிங்கப்பூரில் 1955-இல் மத்திய சேமநிதியும் ஏற்பட்டன. நம் கடைச் சிப்பந்தியின் சம்பளத்தில் ஒரு பங்கைப் பிடித்து, நாமும் ஒரு பங்கு சேர்த்து, மாதந்தோறும் செலுத்தி வருகிறோம். ஆனால் முதலாளிக்காகச் செலுத்துபவர் யார்? ஒருவருமில்லை. சிங்கப்பூரில் சொந்தத் தொழில் செய்வோர் மருத்துவச் செலவுக்கான மெடிசேவ் கணக்குக்கு மட்டுமே கட்டாயமாகச் செலுத்துகின்றனர். ஏனையது அவரவர் விருப்பம். மலேசியாவிலும் அவ்வாறே, விரும்பினால் செலுத்தலாம். இதனால் சிப்பந்தியின் முதுமைக்கு நாம் செய்யும் ஏற்பாட்டை நமக்கே செய்துகொள்ளாத விந்தையைக் காண்கிறோம்.

"என் கடையே என் சேமிப்பு" என்பார் சிலர். கடை நம்முடையதாயிருக்கலாம், கட்டடம் யாருடையது? மலேசியாவில் 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997-இல் நீக்கப்பெற்று, 2000-ஆம் ஆண்டுத் தொடக்கத்தோடு அதன் பாதுகாப்பு முற்றிலும் முடிந்தது. சிங்கப்பூரில் 2001-இல் இதே கதை. குறைந்த வாடகையையே நிலையான முதலென்று நம்பியிருந்த கடைக்காரர் பலர், பினாங்கு ஜார்ஜ் டவுன் போன்ற இடங்களில், தலைமுறைகளாய் இருந்த கடைகளைக் காலி செய்ய நேர்ந்தது. தேங்கிய சரக்கும் வராத பாக்கியும் ஐந்தொகையில் பெருந்தொகையாய்த் தோன்றும். மருந்துக்கடைக்காரர் அவற்றை வாங்கிக்கொண்டு மருந்து கொடுப்பாரா?

இன்னுமொரு கணக்குண்டு. விலைவாசி ஆண்டுக்கு நூற்றுக்கு 3 வீதம் ஏறினால், ஏறத்தாழ 24 ஆண்டுகளில் அது இரட்டிப்பாகும். 60 வயதில் மாதம் 2,000 வெள்ளியில் நடக்கும் குடும்பத்துக்கு 84 வயதில் 4,000 வெள்ளி வேண்டும். ஆகவே முதலாளியும் தமக்கென ஒரு சம்பளத்தைக் குறித்து, அதில் ஒரு பங்கைக் கடையின் கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். வட்டியை அஞ்சி ஒதுங்குவோருக்காக மலேசியாவின் ஊழியர் சேமநிதி 2017 முதல் ஷரீஅத் முறைச் சேமிப்பும் நடத்தி வருகிறது.

"நாளையைப் பற்றி இவ்வளவு கணக்குப் பார்ப்பது இறைவன்மீது நம்பிக்கைக் குறைவாகாதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. சஅது இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றிருந்தபோது தம் பொருளின் பெரும்பகுதியைத் தருமம் செய்ய விரும்பினார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மூன்றிலொரு பங்குக்கு மேல் இசையவில்லை. வாரிசுகள் பிறரிடம் கையேந்தும்படி விடுவதைவிட அவர்களைத் தேவையற்றவர்களாக விட்டுச் செல்வது நன்றென அறிவுரை கூறினார்கள். தருமத்திலேயே முன்யோசனை வேண்டுமென்றால், வாழ்க்கைச் செலவில் வேண்டாமா?

மற்றொரு மறுப்பு இதைவிட வலியது. "சும்மா இருந்தால் உடம்பு கெடும், மனம் கெடும். கல்லாதான் என் உயிர்." இதிலும் உண்மையுண்டு. விருப்பத்தால் உழைப்பவரை எவரும் தடுக்கவேண்டியதில்லை. ஆனால் வேறெங்கும் அமரத் தெரியாமையால் கல்லாவில் அமர்ந்திருப்பது வேறு. நாற்பதாண்டுகள் ஒவ்வொரு காசையும் எண்ணிய கை, செல்வம் சேர்த்த பிறகும் செலவிடக் கூசுகிறது. ஒவ்வொரு மணியையும் விற்பனையாக்கிய மனம், ஓர் மாலைப்பொழுதை வெறுமனே அனுபவிக்கத் தடுமாறுகிறது. நம்மை உயர்த்திய சிக்கனமே நம் இன்பத்துக்குக் காவலாளியாகி வழிமறிக்கிறது.

இதில் நம் நட்டம் மட்டுமா இருக்கிறது? 45 வயதாகியும் கல்லாச்சாவி கைக்கு வராத மகனை எண்ணிப்பாருங்கள். அவனுக்குப் பொறுப்புண்டு, அதிகாரமில்லை. கொள்முதலில் ஒரு தவறு செய்து தேறவும் வழியில்லை. பிறகு திடீரென ஒரு நாள், தந்தையின் ஜனாஸாவோடு கடை முழுவதும் அவன் தலையில் இறங்குகிறது. கொடுக்கல் வாங்கலும் தெரியாது, வாய்ச்சொல்லாய் விட்ட பங்கும் தெரியாது. சகோதரர் வழக்குக்குப் போகும் வீடுகளில் இப்படித் தொடங்கியவை உண்டு. உரிய காலத்தில் ஒப்படைப்பது, ஆகவே, தயவன்று. மக்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன்.

ஓய்வின் இன்பமும் ஒரு நாளில் கைவராது, பழக்கத்தால் வருவது. 50 வயதிலேயே வாரத்தில் ஒரு பிற்பகலைக் கடையிலிருந்து விடுவித்துக்கொள்ளுங்கள். அன்று விற்பனை எவ்வளவென்று தொலைபேசியில் கேளாதிருங்கள். ஓதுவதற்கு நேரமில்லை என்று தள்ளிவைத்ததை ஓதலாம். பேரப்பிள்ளைக்குத் தமிழெழுத்தைச் சொல்லிக்கொடுக்கலாம். பல்லாண்டு நம் வரவுக்காகக் காத்திருந்து தனியே உண்ட மனைவியோடு அமர்ந்து உண்ணலாம். சங்கத்திலும் பள்ளிவாசலிலும் கணக்கெழுதத் தெரிந்த கைக்கு என்றும் வேலையுண்டு.

எவ்வளவு சேர்த்தால் போதும் என்பதற்குத் தொகை சொல்லலாம்; காகிதமும் பென்சிலும் போதும். போதுமென்று சொல்லும் மனத்தை எந்தச் சேமநிதியும் தராது. அதை நாமே இன்று முதல் சிறுகச் சிறுகச் சேர்த்துவர வேண்டும், வணிக அன்பர்களே!