பூருவின் கல்வி

முதியோரைப் பேணுதல் தருமம் என்பதில் நம்முடைய நூல்களுக்குள் அபிப்பிராய பேதம் இல்லை. ஆனால் அந்தத் தருமத்தைச் செய்வதற்குக் கல்வி வேண்டுமா, வேண்டுமானால் அதைக் கற்கத் தகுந்த பிராயம் எது என்னும் இரண்டு கேள்விகளை நாம் நின்று விசாரித்ததாகத் தெரியவில்லை. உத்தியோகமும் குடும்பமும் உள்ள ஒருவர், நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, குடும்பவியலையும் முதுமையியலையும் பாடமாக எடுத்துக்கொண்டு ஒரு பட்டத்துக்குப் படிக்கப் புறப்பட்டால், உற்றார் உறவினர் கேட்பது பெரும்பாலும் ஒன்றே: "வயதானவர்களைப் பார்த்துக்கொள்வதற்கு ஒரு படிப்பா? அதுவும் இந்த வயதிலா?" எளிதில் வாயில் வந்துவிடுகிற இந்தக் கேள்விக்குள் ஆழ்ந்த சம்சயங்கள் இரண்டு இருக்கின்றன. அன்பினால் ஆக வேண்டிய காரியத்தில் அறிவு புகுந்தால் அன்பு குறைந்துவிடாதா என்பது ஒன்று. பிரம்மசரியத்தில் முடித்திருக்க வேண்டிய வித்தியாப்பியாசத்தைக் கிருகஸ்தாசிரமத்தின் நடுவில் மறுபடி தொடங்குவது முறையாகுமா என்பது மற்றொன்று.

வெறும் தத்துவமாகப் பேசாமல் இதை ஓர் இடத்தில் வைத்துப் பார்க்கலாம். கனடா தேசத்தின் கீழ்க்கரையில், நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் தலைநகரான ஹாலிஃபாக்ஸில், பெட்ஃபோர்டு பேசின் என்னும் உள்கடலை நோக்கிய மேட்டின்மேல் மவுண்ட் செயின்ட் வின்சென்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. இளந்துறவிகளையும் பெண்களையும் ஆசிரியைகளாகப் பழக்குவதற்கென்று கத்தோலிக்கக் கன்னியாஸ்திரீகள் 1873-ல் தொடங்கிய சிறிய பாடசாலை, 1925-ல் பட்டம் வழங்கும் உரிமை பெற்று, பிறகு பல்கலைக்கழகமாக வளர்ந்து, இன்று குடும்பவியலையும் முதுமையியலையும் ஒரே துறையாக இணைத்து நடத்துகிறது. வீட்டைவிட்டு வர முடியாதவர்களுக்குத் தொலைக்காட்சி வழியாகப் பாடம் நடத்தும் ஏற்பாட்டை 1980-களிலேயே செய்து பார்த்த கலாசாலை அது. இத்தகைய வகுப்புகளை நாடி வருகிறவர்களில் முதியோர் இல்லத்துப் பணிப்பெண்களும், செவிலியரும், சமூக ஊழியரும் உண்டு. ஒரு பருவத்துக்கு ஒரு பாடம், முடிந்தால் இரண்டு என்று எடுத்துக்கொண்டு, மற்றவர்கள் நான்கு வருஷத்தில் முடிப்பதை அதைவிட மிக நீண்ட காலத்தில் முடிப்பவர்கள் அவர்கள்.

இரண்டு சாஸ்திரங்களை ஏன் ஒன்றாகச் சேர்த்தார்கள் என்பதைச் சற்றே எண்ணிப் பார்த்தால், அந்த ஏற்பாட்டின் நியாயம் விளங்கும். மூப்பு ஒருவருடைய தேகத்துக்கு மட்டும் வருவதன்று. தந்தையால் மாடிப்படி ஏற முடியாமற்போன அன்று வீட்டின் அறைகள் இடம் மாறுகின்றன. தாயின் கைநடுக்கம் மருமகளுடைய காலை நேரத்தை மாற்றிவிடுகிறது. பேரன் படித்துக்கொண்டிருந்த கூடம் பாட்டியின் படுக்கையறை ஆகிறது. யார் செலவு செய்வது, யார் விழித்திருப்பது என்று நெடுநாள் பேசாமல் விட்டிருந்த கணக்குகள் உடன்பிறந்தாருக்குள் பேச்சாக எழுகின்றன. முதியவரை மாத்திரம் அறிந்து குடும்பத்தை அறியாதவரால் முதியவருக்குக்கூட முழுமையாக உதவ முடியாது.

பிராயத்தைப் பற்றிய சம்சயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். தைத்திரீய உபநிஷத்தின் சீக்ஷாவல்லியில், குருகுலவாசம் முடிந்து வீடு திரும்பும் சீடனுக்கு ஆசாரியர் செய்யும் உபதேசம் ஒன்று உண்டு. தாயையும் தந்தையையும் தெய்வமாகக் கொள்ள வேண்டும் என்னும் கட்டளை அதில் இருப்பது எல்லாருக்கும் தெரியும். கல்யாணப் பத்திரிகை முதல் மேடைப் பிரசங்கம் வரையில் அது எடுத்தாளப்படுகிறது. அதே உபதேசத்தில், ஸ்வாத்தியாயத்தினின்றும் வழுவாதே என்னும் கட்டளையும் இருக்கிறது என்பதை நினைப்பவர்கள் குறைவு. படிப்பை முடித்துக்கொண்டு இல்லறம் புகப்போகிறவனுக்குச் சொல்லப்பட்டது அந்த வார்த்தை. ஆகவே, கல்வி முதல் ஆசிரமத்தோடு தீர்ந்துபோகிற கடன் அன்று. பெற்றோரைப் போற்ற வேண்டிய காலம் எதுவோ அந்தக் காலத்துக்கே கல்வியும் விதிக்கப்பட்டிருக்கிறது. அங்கேயே தானத்தைப் பற்றிப் பேச வருமிடத்தில் சிரத்தையையும் நாணத்தையும் அச்சத்தையும் கூறி, அறிவோடு கொடுக்க வேண்டும் என்பதையும் அந்த ரிஷி சேர்த்துக்கொள்ளுகிறார். முதியவருக்கு நாம் கொடுக்கும் நேரமும் உடலுழைப்பும் தானம் என்றால், அவற்றையும் அறிவோடுதான் கொடுக்க வேண்டும். இதற்குமேல் ஒரு பிரமாணம் தேவை என்று எனக்குத் தோன்றவில்லை.

அறிவில்லாத அன்பு என்ன செய்யும் என்பதை இந்தச் சாஸ்திரத்தின் சரித்திரமே காட்டுகிறது. முதுமையியல் என்று இதற்குப் பெயர் சூட்டியவர், பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில் ஆராய்ச்சி செய்துவந்த இலியா மெச்னிகாஃப் என்னும் ருஷிய விஞ்ஞானி. 1903-ல் அவர் அந்தப் பெயரை வழங்கியது மனித சுபாவத்தைப் பற்றிய ஒரு தத்துவ நூலில். பெயர் பிறந்து முப்பது வருஷங்களுக்கு மேல் ஆன பிறகும் முதியோர் விடுதிகளின் நிலை மாறவில்லை. 1935-ல் லண்டனுக்கு அருகே வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் டாக்டர் மார்ஜரி வாரன் என்னும் பெண்மணி, ஏழைகளுக்கான பழைய விடுதியொன்றின் பொறுப்பை ஏற்றபோது, எழுநூறு பேருக்குமேல் அங்கே வருஷக்கணக்காகப் படுக்கையில் கிடந்தார்கள். அவர்களுக்கு யாரும் தீங்கு நினைக்கவில்லை. உணவு கொடுத்தார்கள், துணி மாற்றினார்கள், விழுந்துவிடக்கூடாதே என்று படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். படுத்தே இருந்ததனால் தசை மெலிந்தது, மூட்டு இறுகியது, எழுந்திருக்கும் விருப்பமும் போயிற்று. வாரன் அவர்களை ஒவ்வொருவராகப் பரிசோதித்து, இன்னாருக்கு இன்ன நோய் என்று பிரித்து, சுவர்களுக்கு வெளிச்சமான வர்ணம் பூசி, எழுந்து உட்காரவும் நிற்கவும் பழக்கினார். பலர் நடந்தார்கள், வீடு திரும்பியவர்களும் உண்டு. அவர்களைப் படுக்கையில் தள்ளியவற்றுள் மூப்பும் நோயும் ஒரு பங்கு என்றால், விஷயம் தெரியாத கருணை இன்னொரு பங்கு.

நம் வீடுகளிலும் இது நாள்தோறும் நடக்கிறது. சாய்ந்து படுத்திருக்கும் தகப்பனாருக்கு மகள் கஞ்சியை ஊட்டுகிறாள், அவர் இருமுகிறார், புரையேறிவிட்டது என்று தலையைத் தட்டி, கண்ணீரோடு இன்னும் ஒரு கரண்டி கொடுக்கிறாள். நிமிர்ந்து உட்காரவைத்து, மோவாயைச் சற்றுத் தாழ்த்தி, ஒரு வாய் விழுங்கி முடித்த பிறகே அடுத்ததைக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் உணவு மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரலில் சீழ் பிடிக்கலாம் என்று அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. காது மந்தமான பாட்டியிடம் எல்லாரும் உரக்கக் கத்துகிறார்கள். வயதில் முதலில் போவது உச்சஸ்தாயி ஒலிகள் ஆகையால், கத்துவதைவிட எதிரே முகம் தெரிய அமர்ந்து தணிந்த ஸ்தாயியில் நிதானமாகப் பேசினால் விளங்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது. நேற்றுவரை தெளிவாக இருந்த பெரியவர் இன்று திடீரென்று பிதற்றினால், 'புத்தி பேதலித்துவிட்டது, வயது அப்படி' என்று விட்டுவிடுகிறார்கள். மூத்திரத் தொற்றோ, புதிதாகக் கொடுத்த மாத்திரையோ, தண்ணீர் குறைந்ததோ காரணமாக இருந்து, தக்க சிகிச்சையால் குணமாகக்கூடிய நிலையாக அது இருக்கலாம். இவற்றில் ஒன்றுகூட அன்பு இல்லாததனால் நேர்ந்த பிழை அன்று.

முதுமையியல் வகுப்புகளில் வழக்கமாக நடக்கும் பயிற்சி ஒன்று உண்டு. மாணவர்கள் மஞ்சள் படர்ந்த கண்ணாடியை அணிந்துகொள்ளுகிறார்கள், காதில் பஞ்சை அடைத்துக்கொள்ளுகிறார்கள், கையில் தடித்த உறை, பாதரட்சைக்குள் சோளமணிகள். அந்தக் கோலத்தில் மாத்திரைப் பெட்டியைத் திறக்க வேண்டும், சிறிய எழுத்தில் அச்சிட்ட விவரத்தைப் படிக்க வேண்டும், சட்டைப் பொத்தானைப் போட வேண்டும். நீல மாத்திரையும் பச்சை மாத்திரையும் ஒன்றாகவே தெரிகின்றன. பொத்தான் விரலில் அகப்படாமல் நழுவுகிறது. முதியோர் இல்லத்தில் எத்தனையோ காலம் பணி செய்தவர்கள்கூட அந்தச் சிறிது நேரத்தில், தாம் அவசரப்படுத்திய முகங்களை எண்ணி மௌனமாகிவிடுவார்கள் என்று நினைக்கிறேன்.

இந்தப் பயிற்சியை எண்ணும்போதெல்லாம் என் மனம் மகாபாரதத்தின் ஆதிபர்வத்துக்குப் போகிறது. சுக்கிராசாரியரின் சாபத்தால் அகாலத்தில் மூப்படைந்த யயாதி, தன் மூப்பை வாங்கிக்கொண்டு யௌவனத்தைத் தரும்படி மைந்தர்களைக் கேட்கிறான். யதுவும் துர்வசுவும் திருஹ்யுவும் அனுவும் மறுக்கிறார்கள். மூப்பின் குறைகளைச் சொல்லியே மறுக்கிறார்கள். கடைக்குட்டியான பூரு ஏற்றுக்கொள்ளுகிறான். ஆயிரம் வருஷம் அவன் தந்தையின் மூப்பைச் சுமந்தான் என்றும், பிறகு இளமையையும் இராச்சியத்தையும் பெற்றான் என்றும் கதை சொல்லுகிறது. தந்தையின் போகத்துக்காக மகனுடைய இளமை செலவானது நியாயமா என்பது வேறு விசாரணை. அதை இங்கே தொடவில்லை. நான் கேட்பது, அந்த ஆயிரம் வருஷத்தில் பூரு என்ன கற்றான் என்பது. இதிகாசம் அதைப் பற்றிப் பேசவில்லை. கீழ்ப்படிந்த மகன் என்பதற்காகவே அவனுக்கு முடி கிடைத்ததாகக் கதை கூறினாலும், தளர்ந்த கால்களையும் மங்கிய கண்களையும் சொந்தமாக அறிந்து மீண்டவன் ஒருவனே குடிகளை ஆளத் தகுந்தவன் என்று நான் அதற்குப் பொருள் கொள்ள விரும்புகிறேன். நாற்பது வயதில் இந்தச் சாஸ்திரத்தைப் படிக்க உட்காருகிறவர் பூருவின் காரியத்தையே செய்கிறார். இருபது வயது மாணவனுக்கு மூப்பு ஒரு பாடம். ஒரு பக்கம் தளர்ந்துவரும் பெற்றோரும் மறுபக்கம் வளர்ந்துவரும் பிள்ளைகளும் இருக்க, கண்ணாடியில் தம் முதல் நரையையும் கண்டுவிட்டவருக்கு அது வாசலில் வந்து நிற்கும் விருந்தாளி. அந்தப் பிராயமே இதற்கு உரிய பிராயம்.

இந்தக் கல்வியில் மிகக் கடினமான இடம் ஞாபகம் அழிந்தவரைப் பற்றியது. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பேராசிரியையாக இருந்த பாலின் பாஸ், வியத்நாம் யுத்தத்தில் காணாமற்போன போர்வீரர்களின் குடும்பங்களை ஆராய்ந்து, இறந்தார் என்று அழவும் இருக்கிறார் என்று ஆறவும் முடியாத துக்கம் ஒன்றுண்டு என்று நிலைநாட்டினார். உடம்போடு எதிரில் இருந்தும் மனத்தால் தொலைந்துபோன பெற்றோரைப் பேணுகிறவர்களின் துக்கமும் அந்த இனத்தைச் சேர்ந்தது என்பதை அவர் பிறகு காட்டினார். பெற்ற மகளைப் பார்த்து 'நீ யாரம்மா?' என்று கேட்கும் தாய்க்குமுன் உட்கார்ந்திருப்பவளுக்கு, இத்துக்கத்துக்கு ஒரு பெயர் உண்டு, இது தன் பலவீனம் அன்று என்று தெரிவதே ஓர் ஆறுதல்.

அவ்விடத்தில் எழும் தத்துவக் கேள்வி தவிர்க்க முடியாதது: நினைவு போன பிறகு எதிரில் இருப்பவர் யார்? பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்து டாம் கிட்வுட் 1997-ல் வெளியிட்ட நூலில், ஒருவர் மனிதராக மதிக்கப்படும் நிலை அவருடைய ஞாபகத்தால் வருவதன்று, உறவிலே நின்று மற்றவர்கள் அளிப்பது என்றார். மறதி நோயாளிகளை வெறும் உடம்பாக நடத்திய காலத்தில் அது பேருபகாரமான வார்த்தை. ஆயினும் என் மனம் சைவ சித்தாந்திகளிடமே செல்லுகிறது. உயிர் வேறு, மனமும் புத்தியும் சித்தமும் அகங்காரமுமாக நின்று அதற்குத் துணைபுரியும் கருவிகள் வேறு; கருவிகள் ஒவ்வொன்றாகக் கழன்று உறக்கத்திலும் பேருறக்கத்திலும் உயிர் செயலற்றுக் கிடக்கும்போதும் உயிர் உயிராகவே இருக்கிறது என்பது அவர்கள் கொள்கை. பிறர் கொடுப்பதனால் மதிப்பு உண்டாகிறதென்றால், பிறர் எடுத்துக்கொண்டால் அது இல்லாமற் போகும். அநாதியாகிய உயிரின் மதிப்பை எடுத்துக்கொள்ள எவராலும் ஆகாது. கட்டிலருகே நிற்கும்போது இரண்டு கொள்கைகளும் ஒரே ஆசாரத்தைத்தான் விதிக்கின்றன: பெயர் சொல்லி அழைத்து, தொடுமுன் சொல்லிவிட்டுத் தொட்டு, அவருக்கு முன்பாக அவரைப் பற்றிப் பிறரிடம் பேசாமல் இருப்பது.

பட்டம் பெற்றால் சம்பளம் உயருமே, தருமத்தை ஜீவனோபாயமாக்கலாமா என்ற ஆட்சேபமும் கேட்கிறது. வைத்தியரும் ஆசிரியரும் ஊதியம் பெறுவதால் அவர்கள் தொழில் இழிந்துவிடவில்லை. முதியவரின் மலஜலத்தை எடுப்பவளுக்கு மட்டும் புண்ணியம் போதும் என்பது நியாயமாகாது.

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978-ல் முதியோருக்கென்று தனிப்பிரிவு ஏற்பட்டது. நம் தேசத்தில் அதுவே முதலாவது. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1996 முதல் முதுமை மருத்துவத்துக்கு எம்.டி. படிப்பும் நடக்கிறது. 2011 ஜனக் கணக்குப்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குமேல் அறுபது பிராயமோ அதற்கு மேலோ ஆனவர்கள். ஆனால் மருந்து எழுதும் வைத்தியர் முதியவரோடு இருப்பது சில நிமிஷங்களே. மீதி இரவும் பகலும் உடனிருப்பவர்கள் மனைவியும் மகளும் மருமகளும் ஆயாவும். அவர்களுக்கு எட்டும்படி, மாலை வகுப்பாகவும் அஞ்சல்வழிப் பாடமாகவும், நல்ல தமிழில் இந்தக் கல்வியை நம் பல்கலைக்கழகங்கள் கொண்டுவர வேண்டும். உங்கள் வீட்டில் வேலைக்குப் போகிற ஒருவர் இதைப் படிக்க விரும்புவதாகச் சொன்னால், 'இந்த வயதிலா?' என்று கேட்காதீர்கள். வாரத்தில் இரண்டு மாலைகளில் பாட்டிக்குச் சோறூட்டும் வேலையை நீங்கள் ஏற்றுக்கொண்டு, அவரைப் படிக்க விடுங்கள்.