முன்னே ஓடுபவன்

வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு, இடைவெளி விட்டு ஒவ்வொருவராகப் புறப்பட்டு வழிகாணும் தனிநபர் போட்டியில், முன்னே ஓடுபவனை நம்பித் தொடர்ந்து ஓடுவது பன்னாட்டு விதிகளின்படி குற்றம். குறித்த கொடியைச் சரியாக அடைந்துவிட்டவனிடம் என்ன குற்றம் காண்பது?

தக்கலையை அடுத்த உதயகிரிக் கோட்டைக்குள் ஒரு சாரணச் சிறுவனை நிறுத்தி எண்ணிப் பாருங்கள். மரங்கள் மறைக்கின்றன, கண்காணிப்பார் இல்லை. அருகே இரும்புக் கத்தி இருந்தால் காந்தமுள் பிசகும். மனச்சான்றும் ஆசையின் அருகே அப்படித்தான். ஆகவே பிறரைத் தொடர்வதே பாதுகாப்பு என்பார் உளர். நான் உடன்படேன், அகற்ற வேண்டியது கத்தியை, திசைகாட்டியை அன்று. 1907-இல் பிரவுன்சித் தீவில் பேடன் பவல் சிறுவரை அணிகளாகப் பிரித்து, அணித்தலைமையைச் சிறுவரிடமே ஒப்படைத்தார். கூடி ஆராய்வது வேறு, கண்மூடித் தொடர்வது வேறு. தொடர்ந்தவனும் கொடியை அடைகிறான். வரைபடத்தில் அது எவ்விடம் என்று கேட்டால் விழிக்கிறான். அடுத்த கொடிக்கும் அவனுக்கு இன்னொருவன் முதுகு வேண்டும்.