காவலரின் கூலி

அமெரிக்காவில் காவலர் கூடுதல் நேரப் பணியால் அளவுக்கு மீறி ஈட்டுகின்றனர் என்ற முறையீடு புதிதன்று. மாசசூசெட்சில் உழைக்காத மணிகளுக்குக் கூலி பெற்ற மாநிலக் காவலர் சிலர்மீது 2018இல் வழக்குத் தொடரப்பட்டது. அது களவு. உழைத்துப் பெறும் கூலியோ வேறு. தொகையோடு அதற்கு விலையாகப் போன உறக்கத்தையும் ஓய்வுநாளையும் சேர்த்தே எண்ணவேண்டும்.

அதே மாநிலத்தின் பாஸ்டன் நகரில் 1919 செப்டம்பர் 9 அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட காவலர் வேலைநிறுத்தம் செய்தனர். வாரம் எழுபது மணிக்கு மேல் உழைத்த அவர்கள் சீருடையையும் சொந்தப் பணத்திலேயே வாங்கினர். காவலற்ற நகரில் கொள்ளை நடந்தது, சிலர் உயிரிழந்தனர். பொதுமக்களின் பாதுகாப்பைக் கைவிட்டு வேலைநிறுத்தம் செய்ய எவருக்கும் உரிமையில்லை என்றார் ஆளுநர் கூலிட்ஜ். அக்கூற்றில் நியாயமுண்டு. ஆயினும், நீக்கப்பட்டோரின் இடத்திற்கு வந்தவர்களுக்கு உயர்ந்த ஊதியமும் இலவசச் சீருடையும் வழங்கப்பட்டனவே! கேட்டது மிகையாயின், கொடுத்தது எங்ஙனம் முறையாகும்?

படைவீரர் தம் ஊதியத்தில் மனநிறைவு கொள்ளவேண்டும் என்ற திருமுழுக்கு யோவானின் அறிவுரையைச் சிலர் இங்கே காட்டுவர். மக்களிடம் பணம் பறிப்பதையும் அவர் அதே மூச்சில் தடுத்தார். இருதரப்பும் உடன்பட்ட கூலியேயாயினும், சிக்கனமான வாழ்வுக்குப் போதாவிடில் அது நீதியன்று எனப் பதின்மூன்றாம் சிங்கராயர் 1891இல் எழுதியபோது, சீருடை அணிந்தோரை விலக்கி வைக்கவில்லை.