பழுது பார்த்தலும் பழுதை மறைத்தலும்

சந்தையில் மண்பானை வாங்கும் நம் தாய்மார் அதன் நிறத்தைப் பார்த்து ஏமாறுவதில்லை. ஒரு கையில் தூக்கிப் பிடித்து, மறு கை விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டுவர். கணீரென்று ஒலித்தால் பானை கூடையில் ஏறும். மந்தமாக ஒலித்தால், விலை பாதியானாலும் அதை இருந்த இடத்திலேயே வைத்துவிடுவர். கண்ணுக்குத் தெரியாத கீறலைக் காதுக்குப் புலப்படுத்தும் இச்சிறு செயலில் ஓர் அறக் கேள்வி அடங்கிக் கிடக்கிறது. பழுதுபட்ட பொருளை எறிந்துவிடாது செப்பனிட்டுப் பயன்படுத்துவது நற்பண்பு என்று பிள்ளைகளுக்குப் போதிக்கிறோம். எந்நாளும் எவ்விடத்தும் அது நற்பண்புதானா? அது வஞ்சனையாக மாறும் எல்லை எது?

இதை ஆராய, நமது மலைநாட்டுக்குச் சற்றும் தொடர்பில்லாததாகத் தோன்றும் ஒரு பொருளை முதலில் எடுத்துக்கொள்வோம். வட்டத் தளத்தில் ஓடும் பந்தயத் துவிச்சக்கர வண்டிகளிலே கம்பிகள் இல்லாத, முழுத் தட்டுப் போன்ற சில்லு ஒன்று உண்டு. சுழலும் கம்பிகள் காற்றைக் கடைந்து வேகத்தைத் தின்கின்றன. வழவழப்பான தட்டு காற்றை எளிதாகக் கடந்து செல்கிறது. 1972இல் பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் மெக்சிக்கோ நகரில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீற்றர் ஓடினார். 1984 ஜனவரியில் அதே நகரில் இத்தாலிய வீரர் பிரான்செஸ்கோ மோசர் தட்டுச் சில்லுகள் பூட்டிய வண்டியில் 51.151 கிலோமீற்றர் ஓடினார். அந்த வெற்றியில் சில்லின் பங்கு எவ்வளவு என்பது வேறு விவாதம். அதன்பின் தட்டுச் சில்லு பந்தயத் தளங்களில் நிலைபெற்றுவிட்டது என்பது மட்டும் உறுதி.

காபன் இழையும் பிசினும் கொண்டு செய்யப்படும் இச்சில்லின் விலை சாதாரண மாணவனுக்கு எட்டாதது. ஆகவே செல்வம் படைத்த வீரர்கள் பயன்படுத்திக் கழித்தவை இரண்டாம் கைக்கும் மூன்றாம் கைக்கும் வந்து சேருகின்றன. அவற்றைப் பேணுவதற்கென்றே ஒரு தொழில் நுட்பம் வளர்ந்திருக்கிறது. தேய்ந்த பேரிங்கை மாற்றலாம். பல்சக்கரத்தையும் அதை இறுக்கி நிற்கும் எதிர்மறைப் புரியுள்ள வளையத்தையும் புதிதாகப் பூட்டலாம். டயரை ஒட்டிய பழைய பசையைப் பொறுமையாகச் சுரண்டி எடுத்துப் புதுப் பசை பூசலாம். கடுமையான கரைப்பானை ஊற்றினால் பிசினே கெட்டுவிடுமாதலால் அவசரம் உதவாது. இவையெல்லாம் செய்யத்தக்கவை, செய்யவும் வேண்டியவை.

செய்ய முடியாததும் ஒன்று உண்டு. கம்பிச் சில்லில் ஒரு கம்பி அறுந்தால் வேறொன்றைப் போட்டு, முறுக்கிக் கோட்டம் எடுத்துவிடலாம். தட்டுச் சில்லிலோ பாரம் முழுவதையும் ஒட்டப்பட்ட அடுக்குகளே தாங்குகின்றன. வண்டி ஒருமுறை பலமாக விழுந்தால் மேற்பரப்பு பளபளவென்றிருக்க, உள்ளே அடுக்குகள் பிரிந்துபோயிருக்கும். இதை அறிய ஒரு நாணயம் போதும். சில்லைச் சுற்றிலும் நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால், நல்ல இடம் தெளிவாக ஒலிக்கும்; பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கும். விளிம்பிலோ நடுக் குடத்தின் அருகிலோ அந்த மந்த ஒலி கேட்டால், நேர்மையான தொழிலாளி கருவியைக் கீழே வைத்துவிட்டு, "இது இனிச் சுவரில் மாட்டத்தான் உதவும்" என்பான். வட்டத் தள வண்டிக்குப் பிரேக் கிடையாது. ஒருவன் விழுந்தால் பின்னால் வருவோரும் அவன்மேல் விழுவர்.

ஆனால் வேறொரு வழியும் இருக்கிறது. கீறலில் பூச்சைத் திணித்துத் தேய்த்து, மேலே புது வர்ணம் அடித்து, வாங்குபவன் தலையில் கட்டிவிடலாம். இரண்டு தொழிலாளரின் கைத்திறனும் ஒன்றே, கருவிகளும் ஒன்றே. வேறுபாடு எங்கே இருக்கிறது? ஒருவன் அச்சில்லின்மேல் ஏறி ஓடப்போகும் மனிதனை மனத்தில் கொண்டு வேலை செய்கிறான்; மற்றவன் அந்த மனிதனின் பணப்பையை மட்டும் மனத்தில் கொள்கிறான். பழுது பார்ப்பவன் உண்மையை வெளியே கொண்டுவருகிறான். பழுதை மறைப்பவன் அதை வர்ணத்தின் கீழ் புதைக்கிறான்.

இந்தத் தட்டுச் சில்லு பதுளையின் செங்குத்தான பாதைகளில் உருளப்போவதில்லை. ஆயினும் தட்டிப் பார்க்கும் அறிவு இங்கும் புதியதன்று. புகையிரதத்தின் இரும்புச் சில்லுகளைச் சுத்தியலால் தட்டி ஒலியைக் கேட்டு, வெடிப்பு இருக்கிறதா என்று அறிவது உலகெங்கும் புகையிரதத் தொழிலாளரிடம் இருந்துவந்த வழக்கம். பதுளைக்குப் புகையிரதம் வந்தது 1924இல். ஒரு நூற்றாண்டு கடந்தும் தெமோதரையின் ஒன்பது வளைவுப் பாலத்தின்மேல் வண்டி ஓடுகிறதென்றால், கட்டியவர்களின் திறமை மட்டும் அதற்குக் காரணமன்று. மழையிலும் மூடுபனியிலும் தண்டவாளத்தின் வழியே நடந்து, தளர்ந்த ஆணியை இறுக்கி, சரிந்த மண்ணை அகற்றிய பெயரறியாத கைகளும் காரணம். பழுது பார்த்தலின் மேன்மைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமா?

அதே மலைகளில் மற்றொரு வகைச் 'செப்பனிடலும்' நடந்துவருகிறது. லயன் காம்பறாக்களைப் பாருங்கள். வெள்ளைத் துரைமார் காலத்தில், பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில், கூலிக்கு வந்தவர்கள் ஒண்டிக்கொள்ளக் கட்டிய வரிசைகள் அவை. பெருந்தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. நிர்வாகம் கைமாறியபோதெல்லாம் லயனும் கைமாறியது. உள்ளே வாழ்ந்தவர்களுக்கு மட்டும் அது உரித்தாகவில்லை. ஒழுகும் தகரத்தின்மேல் இன்னொரு தகரம், அது பறக்காதிருக்க ஒரு கல், வெடித்த சுவருக்கு ஒரு பூச்சு, திருநாளுக்கு ஒரு சுண்ணாம்பு. தன் பிள்ளை நனையாதிருக்கக் கல் தூக்கி வைத்த தகப்பனை நாம் குறை கூறோம். அவன் செய்தது அன்பின் செயல். அந்தக் கல்லைக் காட்டி, "லயன் இன்னும் நிற்கிறதே" என்று கணக்கு முடிப்பவரைத்தான் கேள்வி கேட்கிறோம்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடியது. பள்ளிக்குச் சென்றதால் உயிர் தப்பிய பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அந்தச் சரிவு வாழத் தகாதது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அதாவது மலையைத் தட்டிப் பார்த்தாயிற்று. மந்த ஒலியும் கேட்டாயிற்று. ஆயினும் அம்மக்கள் அங்கேயே வாழ்ந்தனர். தப்பியவர்களுக்கான புதிய வீடுகள் 2016இல்தான் கையளிக்கப்பட்டன.

"எச்சரிக்கை விடுத்தோம், அவர்கள் போகவில்லை" என்று சிலர் வாதிடுவர். போவது எங்கே? சொந்தமென்று ஒரு பேர்ச் நிலமில்லாதவன், நாளைக் காலை கொழுந்துக்குச் செல்லவேண்டியவன், எந்த மலைக்குப் போவான்? ஓடுதளத்து மாணவன் பழுதுபட்ட சில்லை வேண்டாமென்று மறுக்கலாம். அன்றையப் பந்தயம் போனாலும் உயிர் நிற்கும். மறுப்பதற்கு வேறோர் இடம் இருந்தால்தான் மறுக்கும் சுதந்திரம் இருக்கிறது. அந்த இடத்தைக் கொடாமல் எச்சரிக்கையை மட்டும் கொடுப்பது, கீறலைக் காட்டிவிட்டு அதே சில்லை விற்பதற்கு ஒப்பானது.

"புதிதாகக் கட்டப் பணமில்லை, இருப்பதைப் பேணுவதே சிக்கனம்" என்பது மற்றொரு வாதம். சிக்கனத்தை நாம் இகழவில்லை. உழைக்கும் மக்களைப்போல் பொருளின் அருமை அறிந்தவர் யார்? ஆனால் சிக்கனத்தின் ஆதாயம் ஒருவர் பக்கமும், அபாயம் வேறொருவர் பக்கமும் சேருமானால், அதற்குச் சிக்கனம் என்று பெயர் வைப்பது தகாது. எந்தப் பழுது பார்த்தலையும் எடைபோட மூன்று கேள்விகள் போதும்: தட்டிப் பார்த்தவர் யார்? ஒலியை யாருக்குச் சொன்னார்? 'இது வேண்டாம்' என்று சொல்லும் உரிமை அதன்மேல் வாழ்பவருக்கு இருக்கிறதா?

2025 நவம்பர் இறுதியில் தித்வா புயலின் மழையோடு பதுளை மாவட்டத்து மலைகள் மீண்டும் பல இடங்களில் சரிந்து உயிர்களைக் கொண்டன. இந்நிலையில் ஆசிரியர்களும் மாணவர்களும் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. நிலத்தில் தோன்றும் வெடிப்பு, சாயத் தொடங்கும் மரம், புதிதாகக் கசியும் நீர், திடீரெனக் கலங்கும் ஊற்று, நேற்றுவரை மூடி இன்று மூட மறுக்கும் கதவு: இவை மலை தரும் மந்த ஒலிகள். ஒவ்வொரு தோட்டப் பாடசாலையிலும் பிள்ளைகள் தத்தம் லயனைச் சுற்றி இவற்றைக் கண்டு, நாளும் இடமும் குறித்து ஒரு கொப்பியில் எழுதட்டும். அக்கொப்பியை நிர்வாகத்திடமும் பிரதேச செயலகத்திடமும் கையளித்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குவோம். கூடவே, போவதற்கு உறுதியான நிலத்தையும் அதன் உரித்தையும் கேட்போம். சுண்ணாம்பு வாளியோடு வருபவர்களிடம் அந்தக் கொப்பியை விரித்துக் காட்டுவோம்.